குதிரை விற்று வாங்கிய லேப்டாப்

அத்தியாயம் பதினொன்று

குதிரை போய் லேப்டாப் வந்த கதையைப் போன வாரம் பார்த்தோம். ஜூமகாதிர் பெரியவர் தன் சாவுக்கென்று வளர்த்த குதிரை அது. தான் கண்ணை மூடுகிற நாளில் அதை அறுத்து ஊருக்கே விருந்து போட வேண்டும், அதற்காகப் பிள்ளைகள் யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தீவனம் வைத்தார். அதைத்தான் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். மருமகள் மேரிம் மறுபடி வேலைக்குப் போக ஒரு நல்ல மெஷின் வேண்டும். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"நான் இப்போதைக்குச் சாகறதா இல்ல. அதுக்குள்ள இன்னொரு குட்டி வளத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் யார் பேசுவது?

வெள்ளிக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். புதுப் பொருளைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. நாத்தனார் சாய்ரா லேப்டாப்பின் மூடி மேல் பட்டுக் கைக்குட்டை ஒன்றையும் ஒரு பிடி மிட்டாயையும் வைத்தாள். பெரியவர் இரண்டு கைகளையும் விரித்து ஆசி சொன்னார். "இதுல போடுற கட்டடம் எதுவும் இடியாம இருக்கணும்" என்றார். எல்லோரும் அப்படியே ஆகட்டும் என்று "ஓமின்" சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. ஆசி வாங்கிய அந்த வெள்ளி நிற லேப்டாப் மேரிமின் எதிரில் திறந்து கிடந்தது. திரையில் ஒரு துரும்பும் அசையவில்லை.

மேரிம் கட்டட வடிவமைப்பு எஞ்சினியர். தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு டிசைன் அலுவலகத்தில் நல்ல பேரோடு இருந்தவள், பிரசவத்துக்காக விடுப்பில் வந்தாள். மலையடிவாரத்தில் கட்டப் போகும் மூன்று மாடிப் பள்ளிக்கூடம் அவள் தலையில் வந்த வேலை. ஒவ்வொரு தூணும், ஒவ்வொரு உத்தரமும், அதற்குள் போகிற ஒவ்வொரு கம்பியும் அந்த மாடலில் இருக்கும். நிலம் குலுங்கினால் எது எவ்வளவு தாங்கும் என்று சாப்ட்வேர் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

"திங்கக்கிழமை காலைல உன் மெஷினோட வா. மாடல் முழுசா ஓடுறதைக் காட்டு" என்று அலுவலகத் தலைவி தமிரா அக்கா சொல்லியிருந்தாள். "ஓடிச்சுன்னா புள்ள வளர்ற வரைக்கும் வீட்லேருந்தே செய். ஓடலேன்னா நான் வேற ஆளைப் போட்டுடுவேன். ஆபீஸ்ல உபரியா மெஷின் கெடையாது. அப்புறம் என்னைக் கரிச்சுக் கொட்டாதே."

மாடல் ஓடவில்லை. முதல் முறை பாதியில் நின்றது. இரண்டாம் முறை தரைத்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாடிகளை மறைத்துப் பார்த்தாள். ஃபேன் மட்டும் ஓயாமல் இரைந்தது. கடைசியில் மெமரி போதவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு எல்லாம் மூடிக்கொண்டது.

லேப்டாப்பின் விவரத்தைத் தேடிப் படித்தாள். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மெமரி போர்டோடு சேர்த்துப் பற்ற வைத்தது, பிறகு கூட்டவும் முடியாது. கடிதம் எழுத, படம் பார்க்க, மடியில் வைத்துக்கொண்டு அழகாகப் போட்டோ எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல மெஷின் இல்லை. பள்ளிக்கூடம் கட்டத்தான் ஆகாது.

பெரியவர் எட்டிப் பார்த்தார். ஒரு கையில் பேத்தி அயானா, மறு கையில் அவள் கடித்துப் போட்ட ரொட்டித் துண்டு.

"என்ன மகளே, பள்ளிக்கூடம் வந்துடுச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கு அத்தா."

"காலைலேருந்து வருதே. நடந்தா வருது?"

மேரிம் சிரித்து வைத்தாள்.

"பூகம்பம் வந்தா எப்படி ஆடும்னு இதுல ஆட்டிக் காட்டுவியாமே. உன் வீட்டுக்காரன் அஸ்கத் சொன்னான். எனக்கும் ஒரு தடவ காட்டேன்" என்று மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன செய்வாள்? பழைய வரைபடம் ஒன்றைத் திறந்து காட்டினாள். பள்ளிக்கூடத்தின் முகப்பு, வண்ணப் படம். பெரியவர் திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார்.

"ஆடலையே?"

"ஆடக் கூடாதுன்னுதான அத்தா நான் வேலை செய்யறேன்."

பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அதுவும் சரிதான். அயானா, உன் அம்மா கெட்டிக்காரிடி!" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் போனார். மேரிமுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனிதரிடம் போய், நீங்கள் குதிரையை விற்று வாங்கியது எனக்கு உதவாது என்று எந்த வாயால் சொல்வது?

கதவைச் சாத்திக்கொண்டு கணவன் அஸ்கத்துக்குப் போன் போட்டாள். அஸ்கத் டைல்ஸ் கடை ஒன்றில் விற்பனைக்கு நிற்கிறான். பின்னணியில் யாரோ குளியலறைக் கல்லுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் எழுதி அனுப்பினதப் பாத்தியா, இல்லியா?"

"பாத்தேனே."

"தனி கிராபிக்ஸ் கார்டு வேணும், மெமரி நெறைய வேணும், கனமா இருந்தாலும் பரவால்லன்னு எழுதியிருந்தேன். இது என்ன அஸ்கத்? இதுல தரைத்தளமே நிக்க மாட்டேங்குது."

"அத்தா அதப் பாத்ததும் மயங்கிட்டாரு. பளபளன்னு இருந்துச்சா, இதான் வேணும்னு புடிச்சுக்கிட்டாரு. கடைக்காரன் முன்னாடி பெத்த அப்பன எதிர்த்துப் பேசச் சொல்றியா?"

அது நியாயம்தான். அந்த ஊரில் எந்த மகனும் அப்படிப் பேசமாட்டான். மேரிமுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

"இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்ண முடியும்? தமிரா அக்காகிட்ட அடுத்த வருஷம் வரேன்னு சொல்லிடு. புள்ளயும் கொஞ்சம் பெருசாயிடும். விடு மேரிம், ஆள் வந்திருக்கு" என்று வைத்துவிட்டான்.

அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி இருப்பாள். அது அவனுக்கும் தெரியும்.

மத்தியானம் சாய்ரா வந்து சேர்ந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "என்னடி, குதிரை ஒழுங்கா தீவனம் திங்குதா?"

"எந்தக் குதிரை அக்கா?"

"இந்தா, இதுதான்!" என்று லேப்டாப்பைக் காட்டினாள். "நான் வெச்ச மிட்டாயக்கூட இன்னும் பிரிக்கல, அதுக்குள்ள மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்கே. என் தம்பி ஏதாவது சொன்னானா?"

மேரிம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அக்கா, ஆசி சொன்ன பொருளைக் கடையில மாத்தலாமா?"

சாய்ரா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "மாத்துறதா! குதிரைய வித்தாச்சு, ஆசி சொல்லியாச்சு, தெருவே வந்து பரிசும் வெச்சாச்சு. இனிமே அதத் திருப்பினா அத்தா மசூதிக்குப் போக முடியுமா, நாலு பேரு முகத்துல முழிக்க முடியுமா? கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே மாப்பிள்ளைய மாத்தலாமான்னு நான்கூடத்தான் நெனச்சேன். முடிஞ்சுதா?"

மேரிம் லேப்டாப்பை அதன் பெட்டியிலேயே வைத்துத் துணியில் சுற்றினாள். "இதுக்கு ஒரு பை வாங்கிட்டு வந்துடறேன். அயானாவப் பாத்துக்குங்க" என்று கிளம்பினாள். பொய் சொல்லிவிட்டு அந்த வீட்டை விட்டு அவள் இறங்கியது அன்றுதான் முதல் தடவை.

மினி பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. வெளியே நிலக்கரிப் புகை நகரத்தை மூடியிருந்தது. பனி உருகி ரோடெல்லாம் சேறு. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரன் ரெனாத் சின்ன வயசுக்காரன், வாய் ஓயாதவன். பெட்டியைப் பார்த்ததும் அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ஓ, கம்பளித் தொப்பி போட்ட பெரியவர் வீடா? வாங்க வாங்க. அவர மறக்க முடியுமா? ஒவ்வொரு லேப்டாப்பையும் ஆட்டுக்குட்டி தூக்கிப் பாக்கற மாதிரி தூக்கித் தூக்கிப் பாத்தாரு."

"அத்தாவுக்கு இது புடிச்சுப் போச்சாம். தெரியாம வாங்கிட்டாரு. எனக்குக் கட்டட சாப்ட்வேர் ஓடணும்" என்றாள் மேரிம்.

ரெனாத் அவளை விநோதமாகப் பார்த்தான். "இது அவருக்குப் புடிச்சிருந்துச்சா? யாரு சொன்னா? அவரு எடுத்தது இதுங்க." பின்னால் இருந்த அலமாரியிலிருந்து தடிமனான கறுப்பு லேப்டாப் ஒன்றை இறக்கி வைத்தான். "'கனம் இருந்தா சரக்கு இருக்கு, என் மருமக கனம் பரவால்லன்னு சொல்லியிருக்கா, இதையே போடு'ன்னாரு. கார்டு, மெமரி எல்லாம் நீங்க கேக்கற வேலைக்குத் தோதானது. பில்லு போட்டு, பெட்டியிலயும் வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க வீட்டுக்காரர் பெரியவரப் பக்கத்துக் கடைக்கு டீ குடிக்க அனுப்பி வெச்சாரு. அவரு அந்தப் பக்கம் போனதும், இத எடுத்துட்டு அந்த வெள்ளியப் போடுன்னாரு. ரெண்டும் ஒரே விலைதான், எனக்கு நஷ்டமில்ல. ஆனா நான் சொன்னேங்க. அண்ணே, கட்டட சாப்ட்வேர் இதுல ஓடாதுன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"'தெரியும்பா, நானும் அதான் படிச்சேன்'னாரு."

அஸ்கத்தும் அவளும் ஒரே வகுப்பு. ஒரே சாப்ட்வேரைப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கற்றவர்கள், பிறகு தமிரா அக்காவின் அலுவலகத்திலும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். எந்த மெஷினில் மாடல் திறக்கும், எதில் திணறிச் சாகும் என்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரியாமல் செய்தான் என்று மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு சின்னச் சந்துகூட அவன் விட்டு வைக்கவில்லை.

"மாத்திக் குடுப்பீங்களா?" என்று பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"தாராளமா. ஆனா ரசீது பெரியவர் பேர்ல இருக்கு. அவரே வந்து கையெழுத்துப் போடணும், அது கடை வழக்கம். கறுப்புல இது ஒண்ணுதான் பாக்கி. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. இன்னிக்கு நான் கடை மூடறதுக்குள்ள கூட்டிட்டு வாங்க, உங்களுக்கே குடுத்துடறேன்."

அங்கிருந்து நேரே டைல்ஸ் கடைக்குப் போனாள். அஸ்கத் அவள் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். வாடிக்கையாளரை வேறொருவனிடம் தள்ளிவிட்டு அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனான்.

"அத்தா எடுத்தது எது?" என்றாள்.

"அதான் சொன்னேனே..."

"ரெனாத்கிட்டப் பேசிட்டுத்தான் வரேன்."

அஸ்கத் கொஞ்ச நேரம் கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான். "ஆமா. நான்தான் மாத்தினேன். இப்ப என்னங்கற?"

"ஏன்?"

"ஏனா? தமிரா அக்கா என்னை அந்த ஆபீஸ்லேருந்து வெளிய அனுப்பினப்ப நீ ஏன்னு கேட்டியா? மறுநாள் நீ பாட்டுக்கு பேக மாட்டிக்கிட்டுப் போன. நான் கல்லு விக்க வந்தேன். அயானா பொறந்தப்புறம்தான் மேரிம், நாம ரெண்டு பேரும் ஒரே மட்டத்துல இருந்தோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நீ இருப்ப. யாரும் என்கிட்ட 'உன் பொண்டாட்டி எப்படிப் பண்றா பாத்தியா'ன்னு கேக்கல. எனக்கு அது நல்லா இருந்துச்சு. போதுமா?"

மேரிமுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். இதை அவன் முன்பே, ஒரு நாள் அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அவனுக்காக அவளும் அழுதிருப்பாள்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம் அஸ்கத். சண்டை போட்டிருக்கலாம். அத்தாவோட குதிரைய எதுக்கு இதுல இழுத்த?"

"அவரா வித்தாரு. நான் கேக்கல."

"அவர் வந்து கையெழுத்துப் போட்டா மாத்திடலாம். நீயே சொல்லிக் கூட்டிட்டு வா."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளுக்குப் பிடிக்கவில்லை. "நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. சாவுக்கு வெச்சிருந்த குதிரைய வித்த மனுஷன்கிட்டப் போயி, உங்க மகன் உங்கள ஏமாத்திட்டான்னு சொல்லு. அதத் தாங்குவாரா பாப்போம். உன்னால சொல்ல முடியாது மேரிம். எனக்குத் தெரியும்."

வீடு வரும் வரைக்கும் அந்தக் கடைசி வார்த்தைதான் அவள் காதில் இருந்தது. அவன் அவளைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் எதிரில் ஒரு சொல் உரக்கப் பேசாதவள் அவள்.

பெரியவர் கூடத்தில் பேத்தியை முதுகில் ஏற்றிக்கொண்டு தவழ்ந்துகொண்டிருந்தார். சாய்ரா சமோவாரில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"பை கெடச்சுதா மகளே?"

மேரிம் பெட்டியை மேசை மேல் வைத்தாள். "அத்தா, கோட்டை மாட்டிக்குங்க. கடை வரைக்கும் போகணும். உங்க கையெழுத்து வேணும்."

"எதுக்கு?"

"இத மாத்தணும். என் வேலை இதுல ஓடாது. திங்கக்கிழமைக்குள்ள மாத்தலேன்னா வேலை போயிடும்."

சாய்ரா பீங்கான் கிண்ணத்தை டங்கென்று வைத்தாள். "அதுக்குத்தான் மத்தியானம் கேட்டியா? ஆசி வாங்கின பொருளைத் திருப்பறதா? ஊரு சிரிக்கும்டி!"

"சும்மா இரு சாய்ரா" என்றார் பெரியவர். குழந்தையை இறக்கி விட்டு மெல்ல எழுந்தார். அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. "நான்தான் தப்பா வாங்கிட்டேனா மகளே?"

அந்த நேரத்தில்தான் அஸ்கத் உள்ளே வந்தான். பாவம், கடையில் இருப்புக் கொள்ளவில்லை போலிருக்கிறது. கதவருகிலேயே நின்றுவிட்டான்.

பெரியவர் அவனைக் கவனிக்கவில்லை. ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துக்கொண்டே பேசினார். "கிழவனுக்கு என்ன தெரியும்? நாலு எழுத்துப் படிச்சிருந்தா பாத்து வாங்கியிருப்பேன். உன் பொழப்புல மண்ணப் போட இருந்தேன் பாரு. ஆசி கீசி எல்லாம் இருக்கட்டும். கறுப்போ வெளுப்போ, நீயே வந்து பாத்து எடு. ஊரு சிரிச்சா என்னையப் பாத்துச் சிரிக்கட்டும், தப்பு என்னுது."

மேரிம் கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அஸ்கத் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

சும்மா இருந்துவிடலாம். கிழவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். மெஷின் கிடைக்கும், வேலை நிலைக்கும், புருஷன் மானமும் தப்பும். எல்லோருக்கும் வசதி. அவள் வாயை மூடிக்கொண்டால் மட்டும் போதும்.

அவளால் முடியவில்லை.

"நீங்க தப்பா வாங்கல அத்தா" என்றாள். "நீங்க எடுத்தது சரியானது. கறுப்பு. கனமா இருந்ததத்தான் நீங்க எடுத்தீங்க."

கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த பெரியவரின் கை அப்படியே நின்றது.

"கறுப்புதானா?" என்றார். "நெசமாவா மகளே? நான் எடுத்தது கறுப்புதானா?"

"ஆமா அத்தா. கடைக்காரரே சொன்னார்."

பெரியவர் கதவருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

"பஸ்ஸுல வரப்ப உங்கிட்டக் கேட்டேனேடா. பெட்டி லேசா இருக்கே, நான் எடுத்தது இதில்லையேன்னு கேட்டேன். 'இதத்தான் அத்தா எடுத்தீங்க, அதுக்குள்ள மறந்துட்டீங்களா'ன்னு சிரிச்ச."

அஸ்கத் நிமிரவில்லை. அவிழ்ந்த கயிற்றையே மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருந்தான். சாய்ரா குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

மேரிமின் போன் அடித்தது. கடையிலிருந்து ரெனாத். மூடப் போகிறான் என்று அர்த்தம். அவள் பெரியவரைப் பார்த்தாள்.

"மூடட்டும்" என்றார் அவர். பிறகு மகனிடம், சண்டை போடுகிற குரலில் அல்ல, கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"ரெண்டு நாளா நான் தூங்கலடா அஸ்கத். எனக்குப் புத்தி கழண்டு போச்சுன்னு நெனச்சுப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன். அப்படி இல்லேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுடா."